பந்தைக் கடைசியில் வாங்குங்கள்

வாழ்த்துகள், தலைவரே. ஐரோப்பா மேட்ச் முடிந்த விடியற்காலையில், மொட்டை மாடியில் கொட்டாவி விட்டபடி, "நாமளே ஒரு டீம் போட்டா என்னடா?" என்று கேட்டீர்கள் அல்லவா? அந்த நொடியே நீங்கள் நிறுவனர் ஆகிவிட்டீர்கள். இனிப் பின்வாங்க முடியாது. பின்வாங்கினால் பக்கத்தில் படுத்திருந்தவன் நிறுவனர் ஆகிவிடுவான்.

வட சென்னை மைதானங்களின் டச் லைனில் நின்று, டீம்கள் பிறந்ததையும் கலைந்ததையும் நிறையப் பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். வியாசர்பாடியை மினி பிரேசில் என்பார்கள். அந்தப் பக்கத்து முறை வேறு. முதலில் ஒரு பந்து. அதைச் சுற்றி நாலு பையன்கள். நாலு எட்டாகி, எட்டு பதினொன்றாகி, கடைசியில் போனால் போகிறது என்று ஒரு பெயர். அதற்குப் பல வருஷம் பிடிக்கும். நமக்கு ஒரே சீசன் போதும், ஏனென்றால் அதே வரிசையைத் தலைகீழாகச் செய்யப் போகிறோம். கீழே உள்ளவற்றை ஒன்று விடாமல் கடைப்பிடியுங்கள். பாதியை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். அதற்கெல்லாம் ஒரு டிக் போட்டுவிட்டு மேலே போகலாம்.

1. பெயருக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள்

தெருப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் 'யுனைடெட்' சேருங்கள். ஒன்றுபட்டது என்று பொருள். பெயர் வைக்கிற கூட்டத்திலேயே இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். அதற்காகப் பெயரை மாற்ற வேண்டாம். அடுத்தது சின்னம். சிங்கமா, கழுகா என்று அடிதடி வந்தால் கழுகின் முதுகில் சிங்கத்தை உட்கார வைத்துவிடுங்கள். அடியில் 'தொடக்கம்' என்று ஒரு வருஷம் போட வேண்டும். இந்த வருஷத்தைப் போட்டு அசிங்கப்படாதீர்கள். உங்கள் பெரியண்ணன் பிறந்த வருஷத்தைப் போடுங்கள். பாரம்பரியம் தானாக வந்துவிடும்.

2. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரையும் அட்மின் ஆக்குங்கள்

கண்ணில் பட்டவர்களையெல்லாம் சேருங்கள். துபாயில் இருக்கிற சித்தப்பா மகனையும் விடாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு, "நாளைக்குக் காலைல ஆறு மணி, யார் யார் வர்றீங்க?" என்று கேளுங்கள். நாற்பது கட்டைவிரல் உயரும். முப்பத்தொன்பது விரல்களின் சொந்தக்காரர்களும் அந்த ஆறு மணிக்குப் போர்வைக்குள் இருப்பார்கள். மிச்சம் ஒரு விரல் துபாய்க்காரருடையது.

காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிஜமாக நிற்பவன் ஒருவன் உண்டு. அவனிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, குரூப்பில் கிடையாது. சின்னவன் என்று கூப்பிடுவார்கள். இப்போதைக்கு அவனை மறந்துவிடுங்கள்.

3. சங்கமாகப் பதிவு செய்யுங்கள்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. சங்கம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், கௌரவ ஆலோசகர். கணக்குச் சரியாக இருக்கிறதா? கால்பந்தின் 17 சட்டங்களில் மூன்றாவது சட்டமும் ஏழு பேரைத்தான் கேட்கிறது: ஒரு டீமில் ஏழுக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவும் முடியாது, தொடரவும் முடியாது. இந்த ஏழும் அந்த ஏழும் ஒரே ஆட்களாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகத் திறமை. லெட்டர்பேடில் பெயர் இருப்பவன் எதற்காக வெயிலில் ஓட வேண்டும்?

4. ஜெர்சி அடியுங்கள்

இங்கேதான் உங்கள் பணம் முழுவதும் போக வேண்டும். திருப்பூரில் யாருக்காவது ஒரு மச்சான் இருப்பான். அவன் வழியாக ஆர்டர் கொடுங்கள். சைஸ் கேட்டால் எல்லாரும் 'எம்' என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த சைஸ் அது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நம்பர் பிரிப்பது தனிக் கலை. ஐந்து பேர் 10 கேட்பார்கள், ஐந்து பேர் 7 கேட்பார்கள். யார் மனமும் நோகாமல் 10, 010, 10ஏ என்று கொடுத்துவிடலாம். முதுகில் பெயர் வேண்டும் என்பார்கள். சொந்தப் பெயரைப் போடாதீர்கள். 'கிங்', 'தல', 'டான்' போதும். கார்டு காட்டிய ரெஃப்ரி நோட்டில் எதை எழுதுவது என்று தவிக்கட்டும்.

கோலிக்கும் அதே நிறத்தில் அடித்துவிடுங்கள். கோலியின் நிறம் தனியாகத் தெரிய வேண்டும் என்று நான்காவது சட்டம் சொல்கிறது. அதை மேட்ச் அன்று ரெஃப்ரி சொல்லித் தெரிந்துகொள்வதில்தான் சுவை. யாராவது ஸ்கூல் பி.டி. பனியன் போட்டு வந்திருப்பார்கள். கழற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

5. ஸ்பான்சர் பிடியுங்கள்

பிரியாணிக் கடை ஒன்று, வட்டப் பிரமுகர் ஒருவர். பிரியாணிக்காரர் முதுகோடு திருப்தியடைவார். பிரமுகருக்கு நெஞ்சு வேண்டும், சிரித்த முகமாக, கை கூப்பியபடி. அரசியல், மதம், தனிநபர் சம்பந்தமான வாசகமோ படமோ உடையில் இருக்கக் கூடாது என்று அதே நான்காவது சட்டம் தடுக்கிறது. அதைப் பிரமுகரிடம் சொல்லி அவர் மனத்தை நோகடிக்காதீர்கள். ரெஃப்ரி ஆட்சேபித்தால் ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அப்போது நம்பரும் மறையும். 10, 010, 10ஏ தகராறும் அத்தோடு தீர்ந்தது.

6. பிளேயர்களை இப்படித் தேர்ந்தெடுங்கள்

முதல் இடம் சந்தா கட்டியவனுக்கு. இரண்டாவது இடம் பைக் வைத்திருப்பவனுக்கு. மூன்றாவது உங்கள் மாப்பிள்ளைக்கு. அவன் ஆடாவிட்டால் வீட்டில் நீங்கள் சோறு சாப்பிட முடியாது. மிச்சப் பேரிடம், "எந்தப் பொசிஷன்?" என்று கேளுங்கள். எல்லாரும் ஃபார்வர்ட். சந்தோஷமாக ஒத்துக்கொள்ளுங்கள். பேக் ஆட ஆள் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். கோல் விழ விழ அவர்களாகவே பின்னால் வருவார்கள். நெட்டையாக இருப்பவனை ஸ்டாப்பர் ஆக்குங்கள். மிகவும் லேட்டாக வருபவனைக் கோலி ஆக்குங்கள்.

நிஜமாகவே ஆடத் தெரிந்த ஒருவன் வேண்டும் என்றால் வேறு டீமிலிருந்து கடன் வாங்குங்கள். பிளேயர் பதிவை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஆன்லைனுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒரே சமயத்தில் ஒருவன் ஒரு கிளப்புக்குத்தான் பதிவாக முடியும். அதனால் என்ன? அவன் தம்பி பெயரில் இறக்குங்கள். மேட்ச் முழுக்க அவனைத் தம்பி பெயரில் கூப்பிடுவதாகச் சத்தியம் செய்யுங்கள். முதல் கோலை அவன் போட்டவுடன் பதினொரு பேரும் அவன் நிஜப் பெயரைச் சொல்லிக் கத்துங்கள்.

7. டர்ஃபில் மட்டும் பிராக்டிஸ் செய்யுங்கள்

மைதானத்துக்குப் போகாதீர்கள். அங்கே ஒரே நேரத்தில் ஆறு கிரிக்கெட் மேட்ச் நடக்கும்; உங்கள் கார்னர் கொடி இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவனின் மிட்-ஆன் நிற்பான். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அதே இடத்தில் தவளை நிற்கும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு டர்ஃப் புக் செய்யுங்கள். முதல் இருபது நிமிடம் போட்டோ. அடுத்த பத்து நிமிடம், பணம் தராதவர்கள் யார் என்ற விசாரணை. மிச்ச நேரம் ஐந்துக்கு ஐந்து.

டர்ஃப் நீளம் முழு மைதானத்தில் பாதிகூடத் தேறாது. அதனால் எல்லாருக்கும் தான் நன்றாக ஓடுவதாகத் தோன்றும். லீக்கில் மைதானம் 90 மீட்டருக்குக் குறையாது; நேரம் 90 நிமிடம். அந்தப் பொருத்தத்தை முதல் மேட்சின் பதினைந்தாவது நிமிடத்தில், இடுப்பில் கை வைத்துக் குனிந்தபடி, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கட்டும். கற்றதில் அதுவே கடைசிவரை நிற்கும்.

8. இப்போது பந்து வாங்குங்கள்

ஜெர்சி, பேனர், கேக், டர்ஃப் எல்லாம் போக மிச்சம் இருக்கிற சில்லறையை எடுத்துக்கொண்டு பெரியமேட்டுக்குப் போங்கள். நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி ஸ்போர்ட்ஸ் கடைகள் இருக்கின்றன. ஜலந்தரில் கையால் தைத்த நல்ல பந்தைக் கடைக்காரர் காட்டுவார். சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது சட்டம். நீங்கள் விலையை மட்டும் பாருங்கள். பந்து கொஞ்சம் கோழிமுட்டை வடிவில் இருந்தால், "ஸ்விங் ஆகும்" என்று சமாதானம் சொல்லுங்கள்.

பம்ப் பின்னை எச்சில் தொட்டு ஈரமாக்கித்தான் வால்வுக்குள் விட வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். காய்ந்த பின்னைப் பலமாகக் குத்துங்கள். உஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும். உங்கள் டீமின் முதல் சீசன் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

வேறு வழியில்லாமல் இப்போது சின்னவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் ஒரு பந்து இருக்கிறது. தோல் உரிந்தது, பெயின்ட் போனது, ஆனால் உருண்டையானது. டீமில் சேர்த்துவிடுங்கள்; பதினாறாவது ஆளாக, பந்துக்காக. ஜெர்சி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

9. லீக்கில் கடைசி நாளில் சேருங்கள்

விண்ணப்பத்தைக் கடைசி நாள், அலுவலகம் பூட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்பு கொண்டுபோங்கள். போட்டோக்கள் வேறு பையில் இருக்க வேண்டும். பிறந்த தேதிச் சான்றிதழுக்குப் பதில் ஒருவன் ரேஷன் கார்டும் இன்னொருவன் கல்யாணப் பத்திரிகையும் தந்திருக்க வேண்டும். என்ட்ரி ஃபீஸை நூறும் ஐம்பதும் பத்துமாக எண்ணுங்கள். பொருளாளர் தன் கையிலிருந்து போட்ட நானூறு ரூபாயைச் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்.

புது டீம் கீழ் டிவிஷனில்தான் தொடங்கும். ஜெயித்து ஜெயித்துத்தான் மேலே ஏற வேண்டும். ஃப்ளெக்ஸில் அந்த விவரத்தைச் சேர்க்காதீர்கள். 'லீக்கில் கால் பதிக்கிறோம்' என்று மட்டும் போடுங்கள். பெரிய எழுத்தில் உங்கள் பெயர், சிறிய எழுத்தில் டீம் பெயர். ஃபிக்ஸ்ச்சரை யாரும் படிக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேட்ச் என்பது திங்கட்கிழமை ராத்திரி தெரிய வந்தால், பதினைந்து பேருக்கும் ஒரே நாளில் பாட்டி சாவதற்குச் சரியான அவகாசம் கிடைக்கும்.

10. மேட்ச் அன்று ஏழு பேராக இறங்குங்கள்

எட்டு பேர் வருவார்கள். ஒருவனிடம் ஸ்டட்ஸ் இருக்காது. ஷின் கார்டு கட்டாயம் என்பது தெரிந்ததும் பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடி அட்டைப் பெட்டி வாங்கிக் கிழித்து ஸாக்ஸுக்குள் சொருகுங்கள். கையில் காப்பு, காதில் கடுக்கன், கழுத்தில் செயின் எதுவும் கூடாது; டேப் ஒட்டி மறைத்தாலும் செல்லாது என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. நீங்கள் டேப் ஒட்டுங்கள். ரெஃப்ரி கழற்றச் சொல்லும்போது, அது குலதெய்வம் கோயில் கயிறு, காப்பு என்று வாதம் செய்யுங்கள். இந்த வாதத்தில் இருபது நிமிடம் போகும். ஒன்பதாவது ஆள் வர அது போதும். அவன் மாப்பிள்ளை.

சின்னவனை வெளியே உட்கார வையுங்கள். பை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

11. ஆஃப்சைட் என்று கத்துங்கள்

சட்டத்தைப் படிக்கத் தேவையில்லை. குரல் இருந்தால் போதும். த்ரோ, கோல் கிக், கார்னர் இந்த மூன்றிலிருந்தும் பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைட் கிடையாது. ஆகவே அந்த மூன்று சமயத்திலும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுங்கள். மொத்த டிஃபென்ஸும் கை தூக்கி நிற்கும்போது எதிர் ஃபார்வர்ட் நிம்மதியாக கோல் போடுவான். அதன்பிறகு ரெஃப்ரியைச் சூழ்ந்துகொள்ளுங்கள். கேப்டன் பேசினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஏழு நிர்வாகிகளும் லெட்டர்பேடில் உள்ள வரிசைப்படி மைதானத்துக்குள் போக வேண்டும்.

மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் வந்தன, பாஷை புரியாதவனுக்கும் தீர்ப்புப் புரியட்டும் என்பதற்காக. நீங்கள் அட்டையைப் பார்த்த பிறகும், "எதுக்கு சார்?" என்று கேட்டு, அந்தக் கண்டுபிடிப்பையே தோற்கடியுங்கள்.

12. பெனால்டியைப் பணம் போட்டவனுக்குக் கொடுங்கள்

தூரம் 11 மீட்டர். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவில் ஒரே ஒரு மனிதன். இதைத் தவறவிடப் பயிற்சி வேண்டும். நீங்கள் பயிற்சியே செய்யாததால் இயல்பாகவே கைகூடும். யார் அடிப்பது என்று சண்டை வந்தால் அதிகச் சந்தா கொடுத்தவனிடம் பந்தைக் கொடுங்கள். அது கம்பத்துக்கு மேலே பறந்து போய் ரயில்வே லைன் பக்கம் விழும்.

சமாதானத்துக்கு வரலாறு இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சிடம் 2–1 என்று தோற்றது. கிடைத்த இரண்டு பெனால்டியும் வீண். "இந்தியா டீமே விட்டிருக்கு, நான் விட்டா என்ன?" என்று தெம்பாகச் சொல்லலாம். அந்த டீமில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலில் ஆடினார்கள், அப்படி ஆடியும் பிரான்சைக் கடைசி நிமிடங்கள்வரை 1–1 என்று நிறுத்தி வைத்திருந்தார்கள் என்ற மீதிக் கதையைச் சொல்ல வேண்டாம். உங்கள் காலில் ஆறாயிரம் ரூபாய் ஸ்டட்ஸ் இருக்கிறது.

13. தோல்வியை நிர்வகியுங்கள்

ஆறு கோல் விழுந்த பிறகு மூன்றாவது சட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும். இருப்பது ஒன்பது பேர் என்றால் மூன்று பேருக்குக் காலில் பிடித்துக்கொண்டால் போதும். ஒவ்வொருவராக, இரண்டு நிமிட இடைவெளியில் விழுங்கள். ஒரே நேரத்தில் விழுந்தால் ரெஃப்ரிக்குச் சந்தேகம் வரும். அடுத்த மேட்சுக்குப் போகவே வேண்டாம். வாக்-ஓவர் கொடுத்தால் வழக்கமாக 3–0 தோல்வி என்று எழுதுவார்கள். விளையாடி வாங்கியதைவிட மூன்று கோல் லாபம். இதுவரை உங்கள் டீமின் சிறந்த ஆட்டம் அதுதான்.

ராத்திரி குரூப்பில் காரணங்களைப் பட்டியல் போடுங்கள்: வெயில், ரெஃப்ரி, மைதானத்து மேடு பள்ளம், கோலி, கண் திருஷ்டி. கடைசியில் யாராவது ஒருவன், "கணக்கு எங்கே?" என்று கேட்பான். அதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம்.

14. பிரியுங்கள்

கட்சியோ கோயில் கமிட்டியோ குடியிருப்போர் சங்கமோ, நம் ஊரில் பிரியாமல் வளர்ந்தது எது? கணக்குக் கேட்டவனும் அவன் ஆட்களும் 'நியூ' என்று முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் 'ஒரிஜினல்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சின்னத்திலும் உங்கள் பெரியண்ணனின் பிறந்த வருஷம் இருக்கட்டும். சிங்கம் உங்களுக்கு, கழுகு அவர்களுக்கு. பேனரை நடுவில் கிழித்துக்கொள்ளலாம். அடுத்த சீசனில் இரண்டு டீம், இரண்டு தலைவர், பதினான்கு நிர்வாகிகள். ஒரே தெருவில் கால்பந்து இவ்வளவு வேகமாக வளர்ந்தது கிடையாது.

பந்து யாருக்கு என்று மட்டும் பேச்சு வராது. அது டீமுடையது இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

15. அந்த மூலையைப் பார்க்காதீர்கள்

புது டீமுக்குப் பெயர் வைக்க, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மைதானத்துத் திண்டில் கூட்டம் போடுவீர்கள். எதிர் மூலையில், குப்பைத் தொட்டிப் பக்கம், இரண்டு ஜோடி செருப்பைக் கம்பமாக வைத்து ஒன்பது பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். சட்டை போட்டவர்கள் ஒரு பக்கம், கழற்றியவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் சின்னவன். அவர்களில் சின்னதிலும் சின்னதாக ஒரு பொடியன் பந்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரை ஏமாற்றிப் போவான். பார்க்காதீர்கள். முதுகைக் காட்டி உட்காருங்கள்.

அப்படியும் பந்து உருண்டு வந்து உங்கள் காலில் இடிக்கும். "அண்ணா, பந்து!" என்று அங்கிருந்து ஒரு குரல் வரும். மிகுந்த ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இது, தலைவரே. குனியுங்கள். இரண்டு கையாலும் எடுங்கள். பதவிக்குரிய நிதானத்தோடு வீசிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்புங்கள்.

காலால் மட்டும் தொட்டுவிடாதீர்கள்.